பனி ‘கட்டி’ய அணை!

உங்க தெருவுல யாரோ வீடு கட்டறாங்க. வாசல்ல லாரி வந்து நிக்குது. மணல், முக்கால் இன்ச் ஜல்லி, களிமண், அம்மிக்கல் சைஸ்ல சில கல்லு, நடுவுல ஆம்னி வேன் சைஸ்ல ஒரு பாறை... அத்தனையையும் கலந்துகட்டி ஒரே குவியலா கொட்டிட்டு டிரைவர் பாட்டுக்குக் கிளம்பிப் போயிடறார். மேஸ்திரி என்ன சொல்வார்? அதை இந்தப் பக்கத்துல அச்சடிக்க முடியாது!

அப்படி ஒரு லாரி நிஜமாவே ஓடிக்கிட்டு இருக்கு பாஸ். பேரு பனியாறு. இங்கிலீஷ்ல கிளேசியர். அது கொட்டிவைக்கிற மேட்டுக்கு மொரைன்னு பேரு. மேட்டுக்குள்ள இருக்கிற, சலிக்காத, பிரிக்காத அந்தக் கலவைக்கு டில்னு பேரு. ரெண்டுமே வாத்தியார்கள் கண்டுபிடிச்ச வார்த்தை இல்லை. முதலாவது ஆல்ப்ஸ் மலை விவசாயிகள் பேச்சுல இருந்தது. ரெண்டாவது, கல்லும் களிமண்ணும் கலந்த முரட்டு நிலத்தை ஸ்காட்லாந்து விவசாயிகள் திட்டுறதுக்கு வெச்சிருந்த பேரு. ஏர் ஓட்டினவனுக்குத்தானே கல்லோட கஷ்டம் தெரியும்!

சிவில் படிக்கிற மக்களுக்கு இதெல்லாம் ‘இன்ஜினீயரிங் ஜியாலஜி’ பேப்பர்ல ரெண்டு மார்க் கேள்வி. ரெண்டு வரி எழுதிட்டு அடுத்ததுக்குத் தாவிடலாம். நானும் சிவில்தான், மூணாவது வருஷம். ஆனா, அந்த ரெண்டு மார்க் சமாசாரம் ஒண்ணு சரிஞ்சதுல, 2023-ல நம்ம நாட்டுல ஒரே ராத்திரியில ஒரு பெரிய அணையே காணாமப் போச்சு. அந்தக் கதைக்குப் போறதுக்கு முன்னாடி, இந்த லாரி எப்படி ஓடுது, சரக்கை எங்கே ஏத்துதுன்னு பார்த்துடுவோம்.

நடக்குற ஐஸ்!

மலை உச்சியில வருஷா வருஷம் பனி விழுது. கோடையில உருகுறதைவிட விழுறது அதிகமா இருந்தா, பழைய பனி மேல புதுப் பனி சேர்ந்துக்கிட்டே போகும். மேல இருக்கிற வெயிட்டுல கீழே இருக்கிறது அமுங்கி அமுங்கி, காத்தெல்லாம் வெளியேறி, கெட்டி ஐஸ் ஆகுது. சில பத்து மீட்டர் கனம் சேர்ந்ததும் அந்த ஐஸ், வெயில்ல காயுற தார் மாதிரி மெள்ள மெள்ளச் சரிவுல வழிய ஆரம்பிக்கும். அடியில உருகின தண்ணி இருந்தா வழுக்கிக்கிட்டும் போகும். கங்கை புறப்படுற கங்கோத்ரி பனியாறு சுமார் 30 கி.மீ. நீளம். பார்த்தா அசையாம கிடக்கிற மாதிரிதான் தெரியும். ஆனா, அது நடந்துக்கிட்டே இருக்கு.

போற வழியில ரெண்டு வேலை பார்க்கும். ஒண்ணு, பிடுங்குறது. அடிப்பாறையில இருக்கிற விரிசலுக்குள்ள தண்ணி இறங்கும். அங்கேயே உறையும். உறைஞ்சா விரியும். விரிசல் பெருசாகும். மேல போற ஐஸ் அந்தக் கல்லைக் கவ்விப் பிடிச்சு இழுத்துட்டுப் போயிடும். ரெண்டாவது, தேய்க்கிறது. ஐஸ் பாறையைவிட ரொம்ப மெத்து. அதால பாறையைச் சுரண்ட முடியாது. ஆனா, அது கவ்வியிருக்கிற கல்லால முடியும். தச்சர் உப்புத்தாள் போட்டுத் தேய்க்கிறாரே, அதேதான். தாள் தேய்க்கிறதில்லை, தாள்ல ஒட்டியிருக்கிற துகள்தான் தேய்க்குது. அப்படித் தேய்ச்சதுல பாறை மேல நீள நீளமா கீறல் விழும். நியூயார்க் சென்ட்ரல் பார்க்குல இருக்கிற பாறைகள் மேல அந்தக் கீறல்களை இன்னிக்கும் பார்க்கலாம். தேய்ச்சதுல உதிருறது பாறை மாவு. பவுடர் மாதிரி அவ்வளவு நைஸ். பனியாத்துல இருந்து வர்ற தண்ணி பால் கலந்த மாதிரி இருக்கிறதுக்குக் காரணம் அந்த மாவுதான். கனடாவுல இருக்கிற லூயிஸ் ஏரி பச்சையும் நீலமுமா ஜொலிக்கிறதுக்கும் அதுவேதான் காரணம்.

இப்ப முக்கியமான விஷயம். ஆறு ஒரு நல்ல சித்தாள். சலிச்சுத்தான் கொடுக்கும். வேகம் குறையக் குறைய முதல்ல கல்லைப் போடும், அப்புறம் மணல், கடைசியா வண்டல். ஐஸுக்கு அந்தப் பழக்கமே கிடையாது. தூசியும் ஒண்ணுதான், வீட்டு சைஸ் பாறையும் ஒண்ணுதான். எது உடம்புல ஏறிச்சோ அதை அப்படியே சுமக்கும். உருகுற இடத்துல அப்படியே போட்டுடும். ரெண்டு ஓரத்துலயும் வரப்பு மாதிரி குவிஞ்சா பக்கவாட்டு மொரைன். ரெண்டு பனியாறு சேருற இடத்துல, உள்பக்கத்து ரெண்டு வரப்பும் ஒட்டி நடுவுல கோடு போட்டா நடு மொரைன். அடியில பூசிட்டுப் போனா தரை மொரைன். முனையில அணை மாதிரி குவிஞ்சா முனை மொரைன்.

ஒரு சின்ன டவுட் வரும். ‘பனியாறு பின்வாங்குது’ன்னு பேப்பர்ல படிக்கிறோமே, அப்ப ஐஸ் மலை மேல திரும்பி ஏறுதா? இல்லவே இல்லை. ரிவர்ஸ் கியர் அதுக்குக் கிடையாது. ஐஸ் எப்பவும் கீழ்நோக்கித்தான் வருது. முனையில உருகுற வேகம், வந்து சேருற வேகத்தை மிஞ்சிட்டா முனை மட்டும் மேல தள்ளிப் போகுது. ரெண்டு வேகமும் சமமா இருந்தா முனை ஒரே இடத்துல நிக்கும். ஆனா, உள்ளே கல்லு வந்துக்கிட்டே இருக்கும், எஸ்கலேட்டர்ல ஆளுங்க வந்து இறங்குற மாதிரி. வருஷக்கணக்கா ஒரே இடத்துல இறங்கினா அங்கே ஒரு மலையே உருவாகும். நியூயார்க்கை ஒட்டி இருக்கிற லாங் ஐலண்ட் தீவோட முதுகெலும்பே இப்படி உருவான ரெண்டு மொரைன் வரிசைகள்தான். சுமார் இருபதாயிரம் வருஷத்துக்கு முன்னாடி, கனடாவுல இருந்து வந்த ஐஸ் நின்ன எல்லைக்கோடு அது. இன்னிக்கு அது மேல வீடு, காலேஜ், ஷாப்பிங் மால் எல்லாம் இருக்கு!

கிரைண்டர்ல என்ன போட்டீங்க?

சரி, எல்லா டில்லும் ஒண்ணுதானா? இல்லை. அரிசி போட்டா அரிசி மாவு, கேழ்வரகு போட்டா கேழ்வரகு மாவு. கிரைண்டர் ஒண்ணுதான், மாவு வேற. பனியாறும் அப்படித்தான். அடியில என்ன பாறை இருக்கோ அதைப் பொறுத்துத்தான் வெளியே வர்ற சரக்கு.

கிரானைட், நைஸ் மாதிரி கெட்டிப் பாறைன்னா, விரிசலுக்கு விரிசல் நல்ல இடைவெளி இருக்கும். அதனால பெரிய பெரிய துண்டா பேந்து வரும். பொடியானா மணலாத்தான் ஆகும். களிமண் ரொம்பக் குறைவு. ஷேல் மாதிரி மெத்துப் பாறைன்னா அரைபட்டுக் களிமண்ணாவே போயிடும். சுண்ணாம்புப் பாறைன்னா சுண்ணாம்புச் சத்துள்ள டில்.

இதுக்குக் கனடாவைவிட நல்ல உதாரணம் கிடையாது. பனி யுகத்துல ஒரே ஐஸ் விரிப்புதான் அந்த நாட்டோட பெரும்பகுதியை மூடி இருந்தது. நடுவுலயும் கிழக்குலயும் ‘கனடியன் ஷீல்டு’னு பழங்காலக் கெட்டிப் பாறை. அங்கே ஐஸ் சுரண்டிட்டுப் போனதுக்கு மிச்சம் மொட்டைப் பாறை, ஆயிரக்கணக்குல ஏரி, மேல லேசா ஒரு போர்வை மாதிரி மணலும் கல்லுமா டில். விவசாயம்னு பெருசா ஒண்ணும் முடியாது. மேற்கே சஸ்காச்செவன் பக்கம் போனா அடியில ஷேல். அங்கே களிமண் நிறைஞ்ச டில், பல இடங்கள்ல நூறு மீட்டருக்கும் மேல கனம். இன்னிக்கு அது உலகத்துக்கே கோதுமை கொடுக்கிற பூமி. அதே ஐஸ்தான்... ஒருத்தனுக்குப் பாறையைக் கொடுத்தது, இன்னொருத்தனுக்கு வயலைக் கொடுத்தது! இதுல வேடிக்கை என்னன்னா, அந்தக் கோதுமை விவசாயிகள் இன்னிக்கும் உழும்போது கல்லைப் பொறுக்கி ஓரமா குவிக்கிறாங்க. அதுல நிறையக் கல்லு அந்த ஊர்க் கல்லே இல்லை. நூத்துக்கணக்கான கிலோமீட்டர் தள்ளியிருக்கிற ஷீல்டுல இருந்து ஓசியில வந்து இறங்கினது.

கல்லு சொல்லும் அட்ரஸ்

இதுல ஒரு பெரிய பிளஸ் இருக்கு. கல்லு எங்கே கிடக்குதுன்னு தெரிஞ்சு, ஐஸ் எந்தப் பக்கம் போச்சுன்னும் தெரிஞ்சா, கல்லோட சொந்த ஊரைக் கண்டுபிடிச்சுடலாம். ஃபின்லாந்துல 1908-ல கால்வாய் தோண்டும்போது செப்புத் தாது நிறைஞ்ச ஒரு பாறை சிக்குச்சு. ஓட்டோ ட்ரூஸ்டெட்னு ஒரு இன்ஜினீயர், ஐஸ் வந்த திசையை எதிர்த்துத் தேடிக்கிட்டே போனார். ரெண்டே வருஷத்துல, சுமார் 50 கி.மீ. தள்ளி அவுட்டோகும்புங்கிற இடத்துல தாதுச் சுரங்கமே கிடைச்சுது.

அடுத்த கதை இன்னும் ஜோர். கனடாவுல சார்லஸ் ஃபிப்கே, ஸ்டூவர்ட் பிளஸ்ஸன்னு ரெண்டு ஜியாலஜிஸ்ட்டுகள். வைரத்தோட கூடவே வர்ற கார்னெட் மாதிரி சில கனிமத் துகள்கள் பனியாறு கொட்டின மண்ணுல கிடைக்குதான்னு சலிச்சுச் சலிச்சுப் பத்து வருஷம் வடக்கே அலைஞ்சாங்க. துகள் அதிகமாகிக்கிட்டே போன திசையில நடந்து, 1991-ல லாக் டி கிராஸ் ஏரிப் பக்கம் வைரம் கிடைச்சதா அறிவிச்சாங்க. 1998-ல அங்கே கனடாவோட முதல் வைரச் சுரங்கம் எகாட்டி திறந்தாச்சு. இதுலயும் அடிப்பாறைதான் ஹீரோ. வைரம் தாங்கி வர்ற கிம்பர்லைட், சுத்தி இருக்கிற கிரானைட்டைவிட மெத்து. அதனால ஐஸ் அதைத்தான் ஆழமா தோண்டி எடுத்துச்சு. தோண்டின பள்ளம் பல இடத்துல ஏரி ஆயிடுச்சு. வைரம் பல இடத்துல ஏரிக்கு அடியில இருந்ததுக்குக் காரணம் அதுதான்.

‘நமக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்லையே’ன்னு நினைக்காதீங்க. சுமார் 30 கோடி வருஷத்துக்கு முன்னாடி, நம்ம நிலப்பரப்பு தென் துருவத்துக்குப் பக்கத்துல இருந்தது. அப்ப ஐஸ் கொட்டின டில் இன்னிக்குக் கல்லாவே உறைஞ்சு ஒடிஷாவுல தால்ச்சர்ல கிடக்கு. பச்சை நிறச் சேத்துப் பாறைக்குள்ள சைஸ் வாரியா கல்லு புதைஞ்சு இருக்கும். இது ஐஸ் கொண்டுவந்ததுன்னு பிளான்ஃபோர்டு சகோதரர்களும் தியோபால்டும் 1856-லயே எழுதிட்டாங்க. வெயில் கொளுத்துற ஒடிஷாவுல ஐஸான்னு அன்னிக்குக் கேட்டவங்களுக்குத் தலை சுத்தியிருக்கும்! ஐஸ் போன பிறகு அங்கே காடு வளர்ந்து, புதைஞ்சு, நிலக்கரி ஆச்சு. அந்தத் தால்ச்சர் நிலக்கரிதான் பாரதீப் துறைமுகத்துல கப்பல் ஏறி தமிழ்நாட்டு அனல் மின் நிலையங்களுக்கு வருது. உங்க ஹாஸ்டல் ஃபேன் சுத்துறதுல கோண்டுவானா காலத்துக்கும் ஒரு பங்கு உண்டு!

அந்த அக்டோபர் ராத்திரி

தால்ச்சர் டில் பாறையாவே இறுகிடுச்சு. அதால இனி யாருக்கும் ஆபத்து இல்லை. இமயமலையில இருக்கிற மொரைன் அப்படி இறுகினது கிடையாது.

வடக்கு சிக்கிம்ல, கடல் மட்டத்துல இருந்து அஞ்சாயிரம் மீட்டருக்கு மேல, சவுத் லோனாக்னு ஒரு பனியாறு. முனை பின்வாங்கப் பின்வாங்க, அது விட்டுட்டுப் போன பள்ளத்துல உருகின தண்ணி தேங்குச்சு. முன்னாடி முனை மொரைன், ரெண்டு பக்கமும் பக்கவாட்டு மொரைன். செலவே இல்லாம ஒரு அணை ரெடி! சில பத்தாண்டுகள்ல அந்த ஏரி ரெண்டு கிலோமீட்டருக்கும் மேல நீண்டுடுச்சு.

2023 அக்டோபர் 3-ம் தேதி ராத்திரி, ஏரியோட வடக்குப் பக்கவாட்டு மொரைன் சரிஞ்சு ஏரிக்குள்ள விழுந்துச்சு. கொஞ்சநஞ்சம் இல்லை... ஒண்ணரைக் கோடி கன மீட்டர் அளவுக்கு! ஏரியில சுமார் 20 மீட்டர் உசரத்துக்கு அலை கிளம்பி, முன்னாடி இருந்த முனை மொரைனை அறுத்துக்கிட்டு வெளியே பாய்ஞ்சுது. சுமார் 5 கோடி கன மீட்டர் தண்ணி. நடு ராத்திரி வாக்குல சுங்தாங்கை எட்டிச்சு. அங்கே 1,200 மெகாவாட் தீஸ்தா-3 திட்டத்தோட 60 மீட்டர் உசர அணை. அது மேலயே வெள்ளம் ஏறி, அணையையே வாரிக்கிட்டுப் போயிடுச்சு. போற வழியில கரையை அரிச்சு, மலைச்சரிவைச் சரிச்சு, தண்ணியைவிடப் பல மடங்கு மண்ணையும் கல்லையும் சேர்த்துக்கிட்டுப் பங்களாதேஷ் வரைக்கும் போச்சு. 2025-ல ‘சயின்ஸ்’ இதழ்ல வந்த ஆய்வு சொல்ற கணக்கு: 55 பேர் இறந்தாங்க, 74 பேரைக் காணோம்.

இது முதல் தடவையும் இல்லை. 2013 ஜூன் 17-ம் தேதி காலையில கேதார்நாத் ஊருக்கு மேல, சோராபாரி ஏரியைத் தாங்கிக்கிட்டு இருந்த மொரைன், மழையும் உருகின பனியும் சேர்ந்த பாரம் தாங்காம உடைஞ்சுது. அந்த ஊர் என்ன ஆச்சுன்னு டி.வி.யில நாடே பார்த்துச்சு.

ரெண்டு மார்க் கேள்வி இல்லை பாஸ் இது.

என்.பி.

போன டிசம்பர்ல எங்க டிபார்ட்மென்ட் டூர், காங்டாக். சிலிகுரியில இருந்து தீஸ்தா ஓரமாவே ரோடு. வழியில ஒரு டீக்கடையில பஸ் நின்னுச்சு. கடைக்குள்ள போகப் படி இறங்கணும். இறங்குற அளவுக்குப் பள்ளத்துல ஏன் கடை கட்டினாங்கன்னு எங்க பசங்க கலாய்ச்சுக்கிட்டே போனாங்க. டீ போட்டுக்கிட்டு இருந்த தீதி ஹிந்தியில சொன்னாங்க: “கடையைப் பள்ளத்துல கட்டலை தம்பி. மண்ணுதான் மேல வந்துடுச்சு. முன்னெல்லாம் ஆத்தைப் பார்க்கணும்னா எட்டிப் பார்க்கணும். இப்ப அது பக்கத்து வீட்டுக்காரி மாதிரி ஆயிடுச்சு. ராத்திரி அது பேசுறது கேட்டுக்கிட்டே இருக்கும், தூக்கம் வராது.”

அதுக்கப்புறம் யாரும் கலாய்க்கலை. நான் காலி தண்ணி பாட்டில்ல அந்த மண்ணைக் கொஞ்சம் நிரப்பிக்கிட்டேன். சாம்பல் கலர்ல, வெயில் பட்டா அபிரகம் மினுக் மினுக்னு மின்னும்.

காலேஜ் வந்ததும் சாயில் லேப்ல கொடுத்தேன். சல்லடை அடுக்குல போட்டுச் சலிச்சோம். பெரும்பாலும் மணல் சல்லடைகள்லயே தங்கிடுச்சு. அடித்தட்டுல விழுந்த மாவை எடுத்து, தண்ணி விட்டுப் பிசைஞ்சு, கண்ணாடிப் பலகையில உருட்டினோம். களிமண்ணா இருந்தா மூணு மில்லிமீட்டர் கனத்துக்கு நூல் மாதிரி நீளும். இது உருட்ட உருட்ட உதிர்ந்துக்கிட்டே இருந்துச்சு. நாலு தடவை பார்த்த லேப் அசிஸ்டென்ட் அண்ணன், “நூல் வராதுப்பா... நோட்ல என்.பி.ன்னு எழுதிக்க”ன்னார். நான்-பிளாஸ்டிக். அதாவது, ஒட்டுறதுக்கு இதுல பசையே இல்லை.

அந்த மண்ணு முழுக்க மொரைன்ல இருந்து வந்ததுன்னு சொல்ல முடியாது. வழி நெடுக அரிச்சதும் சேர்ந்ததுதான். அதனால டில்னும் சொல்லக் கூடாது, தண்ணி சலிச்ச மண்ணு அது. ஆனா, உயர் இமயத்துப் பாறை பொடியானா என்ன கிடைக்கும்னு அது காட்டிடுச்சு. அங்கே கிரானைட்டும் நைஸும்தான் ஜாஸ்தி. அதை அரைச்சா கல்லும் மணலும் மாவும் கிடைக்கும். களிமண் சொற்பம்.

அப்ப ஒரு கேள்வி வரும். பசையே இல்லாத அந்தக் குவியல் எப்படி அத்தனை வருஷம் செங்குத்தா நின்னுச்சு? சவுத் லோனாக்ல சரிஞ்ச மொரைன், உறைஞ்சு கிடந்த மொரைன். கல்லுக்கும் கல்லுக்கும் நடுவுல இருந்த ஐஸ்தான் அங்கே சிமென்ட். குளிர் இருக்கிற வரைக்கும் அது கான்கிரீட் மாதிரி. சூடு ஏற ஏற, சிமென்ட் உருகி ஓடிடும். கட்டினதும் பனி, இறுக்கிப் பிடிச்சதும் பனி. அது கைவிட்டா மிச்சம் வெறும் கல்லும் மணலும்தான்.

நாம மண் அணை கட்டுறப்ப எத்தனை பார்க்கிறோம்! நடுவுல தண்ணி புகாத களிமண் சுவர் வைக்கிறோம். தண்ணி கசிஞ்சாலும் மண்ணு அரிக்காம இருக்க ஃபில்டர் போடுறோம். கொஞ்சம் கொஞ்சமா மண்ணைப் போட்டு ரோலர் ஓட்டி இறுக்குறோம். புராக்டர் டெஸ்ட் எடுக்கிறோம். அதிகத் தண்ணி வந்தா போக வழி விடுறோம். மொரைன்ல இதுல ஒண்ணாவது இருக்கா? ஐஸுக்கு அடியில அமுங்கிப் பூசின டில், இரும்பு மாதிரி கெட்டியா இருக்கும். மேல இருந்து உருகிக் கொட்டினது பொலபொலன்னு இருக்கும். ஒரே மேட்டுலயே இது பாதி, அது பாதி. உள்ளே எங்கேயாவது பழைய ஐஸ் கட்டி புதைஞ்சிருந்தா, அது உருகும்போது மேடு உட்காரும். அலை ஒரு தடவை மேல ஏறித் தாண்டிட்டா, ஒட்டாத மண்ணு அறுந்துக்கிட்டே போகும். பார்க்க அணை. ஆனா, அணை இல்லை.

நம்ம கையில என்ன இருக்கு?

‘இயற்கை சீற்றம், நாம என்ன பண்ண முடியும்’னு கையை விரிக்க வேண்டாம். பனியாத்தை முதல்ல சீரியஸா எடுத்துக்கிட்டவங்கள்ல ஒருத்தர் சிவில் இன்ஜினீயர்தான். சுவிட்சர்லாந்துல 1818-ல ஜியேட்ரோ பனியாத்துல இருந்து சரிஞ்ச ஐஸ், ஒரு ஆத்தை மறிச்சு ஏரி ஆயிடுச்சு. இக்னாஸ் வெனெட்ஸ்ங்கிற அரசு இன்ஜினீயர், ஆளுங்களை வெச்சு அந்த ஐஸ் வழியாவே சுரங்கம் குடைஞ்சு தண்ணியை இறக்கினார். கணிசமான தண்ணி பத்திரமா இறங்குச்சு. மிச்சத்தோட ஜூன் 16-ம் தேதி ஐஸ் அணை உடைஞ்சு உயிர்ச்சேதமும் ஆச்சு. ஆனா, அவர் வேலை பார்க்காம இருந்திருந்தா அழிவு இன்னும் பெருசா இருந்திருக்கும். அந்த அனுபவத்துக்கு அப்புறம்தான் வெனெட்ஸ், பள்ளத்தாக்குகள்ல ரொம்பக் கீழே கிடக்கிற மொரைன்களைப் பார்த்து, ‘ஒரு காலத்துல ஐஸ் இவ்வளவு தூரம் வந்திருக்கு’ன்னு வாதாடினார். லூயி அகாஸி 1837-ல பனி யுகம்னு அறிவிச்சதுக்கு இதெல்லாம் அடித்தளம்.

பெரு நாட்டுல 1941-ல பல்காகோச்சா ஏரியோட மொரைன் உடைஞ்சு வாராஸ் நகரத்துல ஒரு பகுதியே அழிஞ்சுது. அதுக்கப்புறம் அந்த நாடு ஏரி ஏரியா போய்த் தண்ணி மட்டத்தைக் குறைக்க ஆரம்பிச்சுது. நேபாளத்துல ஸோ ரோல்பா ஏரியில 2000-ல கால்வாய் வெட்டி மட்டத்தை 3 மீட்டர் இறக்கினாங்க. இம்ஜா ஏரியில 2016-ல 3.4 மீட்டர். அதே 2016-ல சவுத் லோனாக்லயும் குழாய் போட்டு சைஃபன் முறையில தண்ணியை இறக்கினாங்க. போதலை. முன்பக்கம் பார்த்துத் தண்ணி மட்டத்தைக் குறைக்கலாம். ஆனா, அங்கே ஆபத்து பக்கவாட்டுல இருந்து வந்துச்சு. மட்டம் மட்டும் பார்த்தா பத்தாது, சுத்தி நிக்கிற மேடு எதால ஆனது, எதால ஒட்டியிருக்குன்னும் பார்க்கணும்கிறதுதான் 2023 சொல்லிக் கொடுத்த பாடம்.

நான் ஏன் இதைக் காலேஜ் பசங்களுக்கு எழுதுறேன் தெரியுமா? உடைஞ்ச தீஸ்தா-3 இடத்துலயே, சுமார் 118 மீட்டர் உசரத்துக்குக் கான்கிரீட் அணை கட்டலாம்னு மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்தோட நிபுணர் குழு 2025 ஜனவரியில பரிந்துரை செஞ்சிருக்கு. அதுக்கு ஆதரவும் இருக்கு, எதிர்ப்பும் இருக்கு. இமயமலையில இப்படி இன்னும் எத்தனையோ அணை, சுரங்கம், ரோடு. அதுல எல்லாம் ஹெல்மெட் மாட்டிக்கிட்டு வேலைக்குப் போகப்போறது யாரு? நம்ம செட்தான். கேம்பஸ்ல ஆஃபர் லெட்டர் வந்தா டிரீட் கேட்போம், பேக்கேஜ் கேட்போம். ஒரு நிமிஷம் நின்னு, ‘மேல என்ன ஏரி இருக்கு? அதைத் தாங்குறது எந்தப் பாறையோட மண்ணு? கீழே யாரு தூங்குறாங்க?’ன்னும் கேட்போமே. சைட்டுக்கு வந்த முதல் வாரமே அப்படிக் கேட்கிற ஜூனியர் இன்ஜினீயரை எல்லாரும் ஒரு மாதிரி பார்ப்பாங்கதான். பார்த்துட்டுப் போகட்டும்.

சிவில் இல்லாத மத்த டிபார்ட்மென்ட் மக்களே, உங்களுக்கும் வேலை இருக்கு. மேல கேமராவும் சென்சாரும் வேணும், அது மைனஸ் டிகிரியில செத்துப் போகாம இருக்கணும். அது எலெக்ட்ரானிக்ஸ் ஆளுங்க கையில. சாட்டிலைட் படத்துல மேடு நகருதான்னு பார்க்கணும். அது கம்ப்யூட்டர் சயின்ஸ் ஆளுங்க கையில. எச்சரிக்கை வந்தா நேபாளி, லெப்சா, பெங்காலின்னு அவங்கவங்க மொழியில, நடு ராத்திரியில, கீழே இருக்கிற டீக்கடை வரைக்கும் போய்ச் சேரணும். அது நம்ம எல்லார் கையிலயும் இருக்கு.

செமஸ்டர்ல மொரைன் கேள்வி வந்தா ரெண்டு வரி எழுதுங்க, ரெண்டு மார்க் வாங்குங்க. மூணாவதா ஒரு வரி எழுத இடம் இருந்தா, ‘இதை அணைன்னு நம்பக் கூடாது’ன்னு சேர்த்து எழுதுங்க. அதுக்கு மார்க் கிடையாது. ஆனா, எழுதினா மறக்காது.